ஒரு மஸ்காரா பாட்டில், எட்டுப் பெண்கள்

உங்கள் அழகுக்கலைப் பயிற்சி வகுப்பின் கடைசி நாளில் வந்து நான்கு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக் பிடித்துப் பேச எனக்கு வராது. கோபம் வந்தால் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். நகலெடுத்து ஆளுக்கொன்று கொடுங்கள். படிக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு போகிறவள் போகட்டும்.

போன வாரம் நீங்கள் ஒருவருக்கொருவர் மேக்கப் போட்டுப் பழகியதைப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். முகம் நன்றாகப் போடுகிறீர்கள். நான் பத்து வருடத்தில் தட்டுத் தடுமாறிக் கற்றதை ஃபோனில் பார்த்து மூன்று மாதத்தில் கற்றுவிட்டீர்கள். கண்ணுக்கு வரும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒருத்தி ஐலைனர் பிரஷ்ஷை வாயால் ஊதிக் காயவைத்தாள். இன்னொருத்தி தரையில் விழுந்த காஜல் பென்சிலைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டு அடுத்தவள் கண்ணுக்குள் கொண்டுபோனாள். ஒரே மஸ்காரா வரிசையாக ஆறு பேருக்குப் போனது. நான் கத்தினேன். ஒரு பெண், பெயர் வேண்டாம், சிரித்துக்கொண்டே சொன்னாள்: “வுடுங்க ஆன்ட்டி, இவ்ளோ நாளா இப்டித்தான போட்டுகினு கீறோம். இன்னா ஆயிடுச்சு?”

என்ன ஆயிற்று என்று சொல்கிறேன்.

காலடிப்பேட்டையில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் எனக்கு பார்லர் இருந்தது. இருபத்தாறு வருடம் நடத்தினேன். இரண்டு வருடத்துக்கு முன் மூடிவிட்டேன். என் வீட்டுக்காரர் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மொத்த மளிகை வியாபாரம் செய்த குடும்பம். அந்தச் சொந்தம், அந்த ஊர்க்காரர்கள், அவர்களுடைய வீட்டுக் கல்யாணங்கள் என்றுதான் என் தொழில் வளர்ந்தது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரும் விஷயத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அம்மாளின் கை நல்ல கை. அவர் புருவம் எடுத்தால் தோல் சிவக்காது. ஆனால் ஒரு முட்டாள்தனம் செய்வார். மஸ்காரா காய்ந்து கட்டியாகிவிட்டால் தூக்கிப்போட மாட்டார். பாட்டிலுக்குள் இரண்டு சொட்டு பன்னீர் விட்டுக் குலுக்குவார். “பாரு, புதுசு மாதிரி ஆயிடுச்சு” என்பார். நானும் அப்படியே செய்தேன். பன்னீர் வாசனையாக இருக்கிறது, சாமிக்குத் தெளிக்கிறோம், அதனால் சுத்தம் என்று நினைத்தோம். மூடிய பாட்டிலுக்குள் ஈரமும் இருட்டும் சேர்ந்தால் என்ன வளரும் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. குருவைக் கும்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதற்காக அவர் செய்ததையெல்லாம் செய்யாதீர்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் எண்ணூரில் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்குப் போனேன். முகத்துவாரக்குப்பத்துப் பிள்ளைகள் இருபது பேர் நடனம் ஆடினார்கள். ஒரே மை டப்பா, என் ஒரே சுண்டுவிரல், இருபது பிள்ளைகளின் கண். மூன்றாம் நாள் பாதிப் பிள்ளைகளுக்குக் கண் சிவந்து பீளை கட்டிவிட்டது என்று சேதி வந்தது. அடி விழும் என்று பயந்துகொண்டுதான் போனேன். ஒரு தாய் என்னைப் பார்த்து, “நீ இன்னாத்துக்கு ஓடியாந்த? காத்துல சாம்பலு பறக்குது. இங்க கண்ணு எரியாத நாளு எது?” என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். நானும் குடித்துவிட்டு வந்தேன். பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

வட சென்னையில் தொழில் செய்கிறவளுக்கு இது ஒரு கேடுகெட்ட வசதி. இங்கே அனல் மின் நிலையத்துச் சாம்பல் உண்டு, லாரிப் புகை உண்டு, உப்புக் காற்று உண்டு. நம் கை செய்த கெடுதலை அதன் தலையில் கட்டிவிட்டுப் போய்விடலாம். யாரும் கேட்க மாட்டார்கள். யாரும் கேட்காததால்தான் அடுத்த இருபது வருடம் நான் திருந்தவில்லை.

இப்போது வியாசர்பாடிக் கல்யாணத்துக்கு வருகிறேன்.

திருவொற்றியூரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்த பெண் என்னிடம் புருவம் எடுக்க வருவாள். வியாசர்பாடியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு. அம்மா இல்லை. அப்பாவுக்கு பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் பெட்டி கழுவும் வேலை. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் என்னையே மேக்கப்புக்குக் கூப்பிட்டாள். அவளோடு சேர்த்து வீட்டுப் பெண்கள் எட்டுப் பேர். வியாசர்பாடிக்கு அதற்கு முன் நான் போனதில்லை. கூப்பிடவில்லை என்று சொல்லிக்கொள்வேன். கூப்பிட்டிருந்தாலும் போயிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

முந்தின நாள் சாயங்காலம் பெட்டி அடுக்கினேன். அலமாரியில் ஒரு பாக்கெட் இருந்தது. ஒரே ஒரு தரம் போட்டுவிட்டுத் தூக்கியெறியும் மஸ்காரா குச்சிகள். சாமான் சப்ளை செய்கிறவர் சாம்பிளாகக் கொடுத்தது, ஒரு வருடமாகப் பிரிக்காமல் கிடந்தது. அதை எடுத்துப் பெட்டியில் வைத்தேன். சீல் உடைக்காத புது மஸ்காரா பாட்டில் ஒன்றையும் வைத்தேன். எங்கள் ஆட்களின் எத்தனையோ கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன், ஒன்றுக்கும் இதையெல்லாம் எடுத்துப் போனதில்லை. அன்று ஏன் எடுத்து வைக்கிறேன் என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சமுதாயக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மேடையில் புத்தர் சிலை, பின்னால் நீலத் துணி, முன்னால் பூ அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நாற்காலிகள் போட்டு வைக்கும் சின்ன அறைதான் எங்களுக்கு. ஒரு டியூப் லைட், சுற்றுகிறதா இல்லையா என்று தெரியாத ஒரு ஃபேன். எட்டுப் பெண்களும் அதற்குள்.

எல்லோரையும் அதட்டிக்கொண்டு நின்றவள் தனம். மணப்பெண்ணின் அத்தை, அப்பாவின் தங்கை. தாயில்லாத இரண்டு பெண்களையும் வளர்த்தவள் அவள்தான். “வா யக்கா, வா. பத்து மணிக்கு பிக்கு வந்துடுவாரு. அதுக்குள்ள எங்கள சினிமாக்காரி ஆக்கிடு” என்றாள்.

“நீ சுண்ணாம்பே அடிச்சாலும் அந்த மூஞ்சி அதான் அத்தே” என்று சொன்னவள் மித்ரா, மணப்பெண்ணின் தங்கை. சங்கமித்ரா என்பது முழுப்பெயர். இருபத்து மூன்று வயது, ஓரிடத்தில் நிற்காத பெண்.

“வாய மூடுடி, எஞ்சின் டிரைவரு” என்றாள் தனம். என் பக்கம் திரும்பி, “சும்மா சொல்லல யக்கா. ரயில் ஓட்டுற வேலைக்கு பரிச்ச எழுதி பாஸாயிட்டா. இன்னும் இருவது நாள்ல மெடிக்கலு. கண்ணு பாப்பாங்களாம், காது பாப்பாங்களாம். எங்கண்ணன் முப்பது வருசமா பொட்டி கழுவுறான். இவ அந்தப் பொட்டிய இஸ்துகினு போவப்போறா” என்றாள். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷத்தில் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். வலது கண் சிவந்திருந்தது. இமை மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

“கண்ணுல என்ன தனம்?”

“தூசு. நேத்து பந்தலு கட்டசொல்ல வுயுந்துச்சு.”

அது தூசு இல்லை, மெட்ராஸ் ஐ. பார்த்ததுமே எனக்குத் தெரியும். ‘தனம், இன்றைக்கு உனக்குக் கண்ணில் ஒன்றும் போட மாட்டேன்’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து குச்சிப் பாக்கெட்டையும் புது பாட்டிலையும் எடுத்து மேஜையில் வைத்தேன்.

“இன்னா யக்கா அது?”

“ஆளுக்கு ஒரு குச்சி. போட்டதும் தூக்கிப் போட்டுடலாம்.”

தனம் பாக்கெட்டைக் கையில் எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள்.

“ஆளுக்கு ஒண்ணா? உங்க ஆளுங்க கல்யாணத்துலயும் இப்டித்தான் ஆளுக்கு ஒண்ணு போடுவியா?”

நான் பெட்டிக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்தேன்.

“எங்கண்ணன் கல்யாணத்துக்கு ஒருத்தி வந்தா, உன்ன மாதிரிதான் பார்லர்காரி. பயய பொட்டி ஒண்ணு தனியா எடுத்தாந்தா. எங்க அண்ணிக்கு தல சீவிவுட்டுட்டு, போவசொல்ல அந்த சீப்ப மட்டும் ஜன்னல்ல வெச்சுட்டுப் போய்ட்டா. யக்கா சீப்ப மறந்துட்டியேன்னு நான் பின்னாடியே ஓடுறேன். ‘நீயே வெச்சுக்கோ, எனக்கு வேணாம்’னுட்டா. அப்ப நான் சின்னப் பொண்ணு. இன்னாத்துக்கு வேணாம்னு சொல்றான்னு கூட புரியல. இப்ப புரியுது, அதான் கேக்குறேன். எங்க கண்ணு கலீஜா?”

அந்த இடத்தில் ஒரே ஒரு பதில்தான் சொல்லியிருக்க வேண்டும். ‘ஆமாம்மா, எல்லாருக்கும் இப்படித்தான் போடுவேன், பெரிய வீடு சின்ன வீடு கிடையாது.’ அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அது பொய் என்பதால் எழவில்லை. ராயபுரத்துப் பெரிய வீட்டில் பத்துப் பெண்களுக்கு ஒரே குச்சியை விட்டு எடுத்தவள் நான். அந்த வீட்டுப் பெண்ணுக்கும் கண் வலி இருந்திருக்கும். நான் பார்த்ததுகூட இல்லை. வியாசர்பாடி என்றதும் என் கை தானாக அலமாரிக்குப் போயிற்று. தனத்தின் சிவந்த கண்ணைப் பார்த்து நான் அந்தப் பாக்கெட்டை எடுக்கவில்லை. அது முந்தின நாளே பெட்டிக்குள் வந்துவிட்டது.

அவள் கேட்டது சரியாக என் மேல் விழுந்தது. வெட்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், “சேச்சே, அப்படியெல்லாம் இல்ல தனம்” என்று உளறிக்கொண்டே பாக்கெட்டையும் புது பாட்டிலையும் உள்ளே தள்ளினேன். பழைய பாட்டிலை எடுத்துக் காட்டினேன். “இது போன வாரம் ராயபுரத்துல பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குப் போட்டது. அதே பாட்டில், அதே குச்சி. உங்களுக்கும் அதேதான். போதுமா?”

தனம் சிரித்தாள். “அப்டி சொல்லு.”

மற்றவர்களும் சிரித்தார்கள். என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது. ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதுபோல் தனத்தையே முதலில் உட்கார வைத்து, அந்தச் சிவந்த கண்ணுக்கு மஸ்காரா போட்டேன். அந்தப் பாட்டில் ஐந்து மாதமாகத் திறந்திருந்தது. இரண்டு தரம் பன்னீர் வாங்கியிருந்தது.

எட்டாவதாக உட்கார்ந்தவள் மித்ரா. ஓடியாடி வேலை பார்த்துவிட்டுக் கடைசியில்தான் வந்தாள். வலது கண்ணுக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே மேளச் சத்தம் கேட்டது. “மாப்ள வந்துட்டாரு!” என்று யாரோ கத்தினார்கள். அறையில் இருந்த அத்தனை பேரும் கதவுக்கு ஓடினார்கள். ஒருத்தியின் முழங்கை என் கையில் இடித்தது. குச்சி மித்ராவின் கண்ணுக்குள் குத்தியது.

“ஸ்ஸ்ஸ்” என்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். கையை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். கருவிழி ஓரம் சிவந்து தண்ணீராகக் கொட்டியது.

“ஒண்ணியும் இல்லக்கா, போடு போடு. வாசல்ல நான் போய் நிக்கணும்.”

அவள் அப்படித்தான் சொல்வாள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நிறுத்த வேண்டியவள் நான். நான் டிஷ்யூவால் ஒற்றியெடுத்தேன். மை கலைந்து ஒரு கண் வெறுமையாகத் தெரிந்தது. ஃபோட்டோவில் அசிங்கமாக இருக்கும் என்று அதே கண்ணுக்கு அதே குச்சியால் இன்னொரு தரம் போட்டு அனுப்பினேன். இதை எழுதும்போது என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை மித்ரா ஃபோன் செய்தாள். “அக்கா, கண்ண தெறக்க முடில. வெளிச்சம் பட்டா குத்துது. உள்ளுக்குள்ள வலிச்சுகினே கீது.”

கண்ணில் குத்தியது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இருந்தும் நான் சொன்னது இதுதான்: “மெட்ராஸ் ஐதான். உங்க அத்தைக்கு இருந்துச்சே, ஒட்டியிருக்கும். தண்ணி விட்டுக் கழுவு, மூணு நாள்ல போயிடும்.”

அந்தப் பேச்சில் ஒரு நாள் போயிற்று. கருவிழிப் புண்ணுக்கு ஒரு நாள் என்பது சின்ன விஷயம் இல்லை. தனத்தின் தலையில் பழியைப் போட்டதும் அந்தப் பேச்சுதான்.

புதன்கிழமை அவள் அப்பா பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. புண்ணைச் சுரண்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். வார்டில் சேர்த்து மணிக்கு ஒரு தரம் சொட்டு மருந்து விட்டார்கள். கண்ணில் என்ன போட்டீர்கள், அந்த பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலைந்து நாள் கழித்து மித்ராவைப் பார்க்கப் போனபோது அந்த டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். சின்னப் பெண்.

“நீங்க குடுத்த பாட்டில்லயும் அவங்க புண்ணுலயும் ஒரே கிருமிதான் வளந்திருக்கு. இதுல ஏதாவது கலந்தீங்களா?”

“பன்னீர்.”

டாக்டர் அதைக் கையிலிருந்த சீட்டில் குறித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: “அவங்க அத்தையோட மெட்ராஸ் ஐ வேற. அது ஒட்டியிருந்தா ரெண்டு வாரத்துல போயிருக்கும். இது பாட்டில்ல வளந்தது. கீறல் விழுந்த வழியா உள்ள போயிடுச்சு. வீட்ல அந்தம்மாவத்தான் திட்டிட்டு இருக்காங்க. நீங்களே சொல்லிடுங்க.”

சரி என்று தலையாட்டினேன். நான் சொல்லிவிடுவேன் என்று நம்பி அவரும் வீட்டாரிடம் சொல்லவில்லை.

மாடிப்படியில் தனம் உட்கார்ந்திருந்தாள். வார்டுக்குள் வர அவளுக்குத் தைரியம் இல்லை. சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசியிருந்தார்கள். கண் வலியை வைத்துக்கொண்டு சிங்காரம் கேட்டதா உனக்கு, ஆளுக்கு ஒரு குச்சி போடுகிறேன் என்றவளைத் தடுத்தவள் நீதானே, என்று. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என் கண்ணு அவ கண்ண துன்னுடுச்சு யக்கா.”

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். “நடந்தது நடந்துடுச்சு, விடு தனம்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். டாக்டர் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

புண் ஆறியது. தழும்பு நின்றுவிட்டது. மெடிக்கலுக்குக் கொஞ்சம் அவகாசம் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். மெடிக்கல் அன்று வலது கண்ணால் எழுத்துகளைப் படிக்கச் சொன்னபோது மூன்றாவது வரிக்குக் கீழே அவளுக்கு எல்லாம் புகையாகத் தெரிந்திருக்கிறது. அந்த வேலை அத்தோடு போயிற்று. பரீட்சை எழுதி வாங்கிய மார்க்கெல்லாம் எதற்கும் ஆகவில்லை. வியாசர்பாடியிலேயே ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள்.

இங்கே நிறுத்தி உங்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். மஸ்காராவுக்கு மூன்று மாதம், அதற்கு மேல் குப்பை. அதற்கு முன்னால் காய்ந்தாலும் குப்பை. பன்னீர், தண்ணீர், எச்சில் எதுவும் அதற்குள் போகக் கூடாது. கண்ணுக்குப் போன குச்சி மறுபடி பாட்டிலுக்குள் போகக் கூடாது. இன்னொரு பூச்சு வேண்டுமென்றால் இன்னொரு குச்சி. காஜல் பென்சில் என்றால் அவரவருடையதைக் கொண்டுவரச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒவ்வொருத்திக்கும் முன்னால் சீவுங்கள், சீவும் பிளேடையும் ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள். விரலால் டப்பா மை வைக்கவே வைக்காதீர்கள். கண் சிவந்தவளுக்கு, அவள் மணப்பெண்ணே ஆனாலும், கண்ணில் ஒன்றும் கிடையாது. குத்திவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். கசக்க விடாதீர்கள், சுத்தமான தண்ணீரில் கழுவச் சொல்லி அன்றைக்கே கண் டாக்டரிடம் அனுப்புங்கள். ஃபோட்டோ நாசமாகப் போகட்டும். மையோடு தூங்காதே என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லி அனுப்புங்கள். நான் மித்ராவிடம் அதைக்கூடச் சொல்லவில்லை.

இதெல்லாம் உங்கள் டீச்சரும் சொல்லியிருப்பார். அவர் சொல்லாததை நான் சொல்கிறேன். இதை எல்லா வீட்டிலும் செய்யுங்கள். உங்கள் சொந்த அக்கா கண்ணுக்கும் செய்யுங்கள். பணக்கார வீட்டில் கூச்சப்பட்டு விட்டுவிட்டு, ஏழை வீட்டில் மட்டும் பெட்டியிலிருந்து எடுத்தால் அதற்குச் சுத்தம் என்று பெயர் இல்லை. அதற்கு வேறு பெயர் இருக்கிறது, உங்களுக்கும் தெரியும். அந்த வித்தியாசத்தை அந்த வீட்டுப் பெண்கள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள், காலங்காலமாகப் பார்த்துப் பழகியவர்கள். அவர்கள் கேட்கும்போது நீங்கள் கூசிப்போய்ச் சுத்தத்தையும் சேர்த்துக் கைவிடுவீர்கள். நான் அப்படித்தான் விட்டேன்.

கல்யாணம் முடிந்து எட்டு மாதம் இருக்கும். மணப்பெண்ணாக இருந்தவள் வயிற்றுப் பிள்ளையோடு பார்லருக்கு வந்தாள். புருவம் எடுத்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: “வளகாப்புக்குக் கூட அத்தை வரல யக்கா. புளியாந்தோப்புல தனியா ரூம் எடுத்துகினு போயிடுச்சு. அப்பா கூப்ட்டாலும் வூட்டுப் படி ஏற மாட்டேங்குது. மித்ரா மூஞ்ச எப்டி பாப்பேன்னு அழுவுது.”

நூலைக் கீழே வைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன், எப்படியாவது அத்தையையும் வரச் சொல் என்று அவளிடம் சொன்னேன்.

போனேன். மித்ராவும் அவள் அப்பாவும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். தனம் உள்ளே வராமல் வாசல்படியில் நின்றாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பன்னீர், பாட்டில், டாக்டர் சொன்னது, ஃபோனில் நான் சொன்ன பொய். “தனத்தோட கண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல” என்றேன். அதற்குப் பிறகு குச்சிப் பாக்கெட்டைப் பற்றியும் சொன்னேன். எங்கள் ஆட்கள் வீட்டுக்கு அதை ஒரு நாளும் கொண்டுபோனதில்லை என்று சொன்னேன்.

தனம் அங்கிருந்தே பேசினாள். “குச்சி மேட்டரு எனக்கு அன்னிக்கே தெரியும். டெய்லி போடுறவளா இருந்தா பாக்கெட்டு பிரிச்சில்ல இருக்கும்? அது தூசு படிஞ்சு புது சீலோட கெடந்துச்சு.” வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். “பாட்டிலு மேட்டருதான் தெரியாது.”

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். “எட்டு மாசம் என் தங்கச்சி இந்த வூட்டுக்கு வரல. அவ மேல தப்பு இல்லன்னு ஒனக்குத் தெரிஞ்சுகினே இருந்துச்சா?”

“தெரியும்.”

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மித்ராதான் கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை. “அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. எங்கள கலீஜுன்னு நெனச்சுகினே அந்தப் புது பாட்டில தொறந்து போட்டிருந்தா, என் கண்ணு நல்லா இருந்திருக்குமா?”

“இருந்திருக்கும்.”

“அப்போ எங்கள மதிச்சு போட்டதால போச்சா?”

“மதிச்சுப் போடல மித்ரா. மதிக்கிற மாதிரி காட்டிக்கப் போட்டேன்.”

அவள் மூக்கால் ஒரு சத்தம் விட்டாள், சிரிப்பு மாதிரி. “அவ்ளோதானா” என்றாள். பிறகு வாசலைப் பார்த்து, “அத்தே, இன்னும் இன்னாத்துக்கு வெளிய நின்னுகினு கீற? உள்ள வா” என்றாள்.

தனம் உள்ளே வந்தாள். என்னைத் தாண்டிப் போய் மித்ராவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, தழும்பு இருந்த கண்ணை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். எட்டு மாதத்தில் அன்றுதான் பார்க்கிறாள். பார்த்து முடித்ததும் சமையல்கட்டுக்குப் போனாள். பாத்திரம் எடுக்கும் சத்தம் கேட்டது. நான் அந்த இடத்திலேயே நின்றேன். மன்னித்துவிடுங்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தனம் கையில் தட்டுகளோடு வெளியே வந்தாள். மூன்று தட்டு.

“நீ கெளம்பு யக்கா” என்றாள். “நாங்க சாப்புடணும்.”